பிள்ளை வாசிக்கும்போது எங்கே தடுக்குகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

“எங்க பையனுக்கு வாசிக்கத் தெரியல” என்று ஒரு அம்மா சொன்னால், அதிலிருந்து நமக்குக் கிடைக்கிற தகவல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எழுத்தே தெரியாதவனும் வாசிக்கத் தெரியாதவன்தான், எழுத்தெல்லாம் தெரிந்து சேர்த்துச் சொல்லத் தெரியாதவனும் அதேதான், மடமடவென்று முடித்துவிட்டு என்ன கதை என்று கேட்டால் முழிக்கிறவனும் அதேதான். மூன்று பேரையும் “தினமும் அரை மணி நேரம் சத்தமாப் படி” என்று சொல்லி அனுப்பினால், இரண்டு பேருக்கு அந்த அரை மணி நேரம் வீண்.

எத்தனை தப்பு என்று எண்ணுவது சுலபம். தப்பான இடத்தில் பிள்ளை *என்ன* சொன்னது என்று எழுதிவைப்பதுதான் வேலை. “குடை” என்ற இடத்தில் “குதிரை” என்று சொன்ன பிள்ளையும் “கூடை” என்று சொன்ன பிள்ளையும் மதிப்பெண்ணில் ஒன்றுதான், ஆனால் பழுது இருக்கிற இடம் வேறு, சொல்லித்தர வேண்டியதும் வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் வாசிக்கிற பிள்ளைகளை வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோர், மாலை வகுப்பு எடுக்கிற தன்னார்வலர், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் யாராக இருந்தாலும் செய்யலாம். தாள், பேனா, போன் இருந்தால் போதும்.

முதலில் ஒரு முறை கேட்டுக் குறியுங்கள்

வகுப்பில் நடத்திய பாடம் வேண்டாம். பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தி, படம் இல்லாமல், பெரிய எழுத்தில், இரண்டு பிரதி. ஒன்று பிள்ளையின் கையில், இன்னொன்று நீங்கள் குறிக்க. கைவசம் எதுவும் இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்றாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்:

குமார் வீட்டில் ஒரு பெரிய கருப்பு ஆடு இருந்தது. அது தினமும் வேலியைத் தாண்டி ஓடிவிடும். ஒரு நாள் காற்றும் மழையும் வந்தன. ஆடு வீட்டுக்கு வரவில்லை. குமார் குடை எடுத்துக்கொண்டு தேடினான். கோயில் திண்ணையில் ஆடு படுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு குட்டி நாயும் தூங்கிக்கொண்டிருந்தது.

மொத்தம் 34 சொல். சின்னதுதான், ஆனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், இரட்டித்த மெய், ழ, மூன்று சுழி ண, ற்று, கடைசியில் ஒரு ரயில்பெட்டிச் சொல் என்று தமிழில் தடுக்கக்கூடிய பெரும்பாலான மேடுபள்ளம் இதற்குள் இருக்கிறது.

பிள்ளையைத் தனியாக உட்கார வையுங்கள். அக்கா பக்கத்தில் நின்று முந்திக்கொண்டு சொல்லும் வீட்டில், சித்தி சித்தப்பா எல்லாம் சுற்றி உட்கார்ந்து “எங்க, வாசிச்சுக் காட்டு பாப்போம்” என்கிற இடத்தில் எடுக்கிற எந்தக் கணக்கும் உண்மையைச் சொல்லாது. “பரீட்சை இல்லை கண்ணு, உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். நேரம் ஓடுவது பிள்ளையின் கண்ணில் படவே கூடாது, பட்டால் வாசிப்பு ஓட்டப்பந்தயம் ஆகிவிடும்.

வேறு மாதிரி சொன்ன சொல்லின் மேல் சொன்னதை அப்படியே எழுதுங்கள். விட்டுவிட்ட சொல்லைச் சுற்றி வட்டம். இல்லாத சொல்லைச் சேர்த்தால் அந்த இடத்தில் ஒரு கூரை போட்டு எழுதுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டுத் தானாகவே சரிசெய்துகொண்டால் ‘தி’ என்று போடுங்கள், அது தப்புக் கணக்கில் வராது, சொல்லப்போனால் நல்ல அறிகுறி. மூன்று நொடி வரைக்கும் முட்டி நின்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்து ‘உ’ என்று குறித்து நகர்த்துங்கள். இதற்கு நடுவில் திருத்தாதீர்கள், முகத்தையும் சுளிக்காதீர்கள். நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே வகுத்த குறிப்பு முறையைச் சுருக்கியது இது, நம் தேவைக்கு இவ்வளவு போதும். முதல் வரியில் ஒரு சொல்லும் வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தனி எழுத்துகளுக்குப் போய்விடுங்கள்.

கணக்கு இப்படி: 34 சொல்லையும் 50 நொடியில் முடித்தது, 4 தப்பு என்றால் சரியானவை 30. நிமிடத்துக்கு 36 சரியான சொல், துல்லியம் சுமார் 88 விழுக்காடு. பொதுவாக 95-க்கு மேல் இருந்தால் அந்த அளவுப் பத்தியைத் தனியாகக் கொடுக்கலாம், 90-லிருந்து 95-க்குள் என்றால் கூட உட்கார்ந்து வாசிக்கலாம், 90-க்குக் கீழே என்றால் கனம், இறக்குங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2021-ல் வந்த, மத்திய அரசின் நிபுண் பாரத் என்ற தொடக்கக் கல்வித் திட்டம் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்புக்குக் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்தது. இணையத்தில் கிடைக்கிற ஆங்கில அட்டவணைகள் இன்னும் கூடுதலாகச் சொல்லும். ‘தூங்கிக்கொண்டிருந்தது’ என்பதும் ஒரு சொல், ‘ஆடு’ என்பதும் ஒரு சொல் என்று எண்ணுகிற ஒரு மொழியில் அந்த அட்டவணையை நீட்டி “உங்க பொண்ணு பின்தங்கியிருக்கா” என்று சொல்வது அநியாயம். இந்த மாதம் எடுத்ததை இதே பிள்ளையின் அடுத்த மாதத்தோடு, அதே அளவுப் பத்தியில் ஒப்பிடுங்கள், அதுதான் நியாயமான பந்தயம்.

சரி, குறித்த தாள் கையில் இருக்கிறது. இனி எந்த அறிகுறி ஒத்துப்போகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

“புத்தகத்துல மடமடன்னு வாசிக்கிறா, வேற எதைக் கொடுத்தாலும் முழிக்கிறா”

மனப்பாடம். ஒன்று இரண்டாம் வகுப்பில் இதைப் போல ஏமாற்றுகிற விஷயம் வேறில்லை, ஏனென்றால் பிள்ளை விரலைக்கூடச் சரியாக நகர்த்தும், பக்கம் திருப்பும், ஏற்ற இறக்கம்கூட டீச்சரின் குரலிலேயே வரும். அதே பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேளுங்கள். வரியின் முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் பதில் சொல்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அதே சொற்களை வேறு வரிசையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மனப்பாடம் கெட்டது என்று திட்டத் தேவையில்லை, நினைவாற்றல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த பாட்டின் வரிகளை வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள், வாயில் இருப்பது கண்ணுக்கு வர ஆரம்பிக்கும்.

“எழுத்தெல்லாம் சொல்றான், சேர்த்தா வரல”

தன்னார்வலர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் “ப... ட... இம்...” என்று சரியாகச் சொல்லும், “சேர்த்துச் சொல்லு” என்றால் “படஇம்” என்று சொல்லும், இல்லையென்றால் “பட்டு” என்று சம்பந்தமில்லாமல் ஒன்றைப் போடும்.

தாளை மூடிவிட்டு வாயால் மட்டும் கேளுங்கள். “நான் பிச்சுப் பிச்சுச் சொல்றேன், நீ சேர்த்துச் சொல்லு: ம... ர... ம்.” வாயால் சொன்னதையே சேர்க்க முடியவில்லையென்றால் கோளாறு எழுத்தில் இல்லை, ஒலிகளைக் காதில் பிடித்துவைத்துக் கோக்கிற திறமை இன்னும் வரவில்லை. அதற்குப் புத்தகமே வேண்டாம், விடுகதை மாதிரி விளையாட்டுதான். “ஒரு சாமானை நினைச்சிருக்கேன், கு... டம், என்ன அது?” இரண்டு துண்டில் ஆரம்பித்து மூன்று, நான்கு என்று ஏற்றுங்கள். “குடத்துல ‘கு’ எடுத்துட்டா என்ன மிச்சம்?” என்று தலைகீழாகவும் கேளுங்கள்.

வாயால் சொன்னதைச் சேர்க்கிறது, எழுத்தில் பார்த்ததைத்தான் சேர்க்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. முதலாவது வேகம்: மூன்றாவது எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறது. இருபது எழுத்தைக் கலந்து எழுதி ஒரே ஓட்டமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மேலே உருட்டி யோசித்தால் எழுத்து தெரியும், ஆனால் கைவசம் இல்லை என்று பொருள். தினம் கொஞ்சம் எழுத்தட்டை, அதுவும் தெரிந்த எழுத்துகளையே திரும்பத் திரும்ப, புதிது அதிகம் திணிக்காமல்.

இரண்டாவது நாம் சொல்லிக்கொடுத்ததில் இருக்கிற சிக்கல். ம் என்பதை ‘இம்’ என்றும் க் என்பதை ‘இக்’ என்றும் சொல்லிக்கொடுத்தோம், பிள்ளை சொன்னபடி ‘இ’யையும் சேர்த்தே வாசிக்கிறது. அதில் அதன் தப்பு என்ன இருக்கிறது? மெய்யெழுத்தைத் தனியாக நிறுத்தாமல் முன் எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள்: அம், டம், மம், ரம். அப்புறம் ப-டம், ம-ரம், கு-டம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒன்றிலேயே அடைப்பு விலகிவிடும்.

“கொம்பு வந்தா போச்சு”

‘தேடினான்’ என்ற இடத்தில் “தடினான்”, ‘கோயில்’ என்ற இடத்தில் “கேயில்” அல்லது “காயில்”, ‘கொண்டு’ என்ற இடத்தில் “கெரண்டு”. இந்த மாதிரித் தப்புகள் தாளில் கூட்டமாக இருந்தால், அதுவும் அ, இ வரிசைச் சொற்கள் சுத்தமாக வந்திருந்தால், உயிர்க்குறிகளில்தான் பழுது.

இதில் தமிழ் எழுத்து முறையிலேயே ஒரு கஷ்டம் இருக்கிறது. ‘தே’ என்று எழுதும்போது கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு, ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது த். இடமிருந்து வலமாகப் போகப் பழக்கிய கண்ணை இங்கே மட்டும் ஒரு எட்டு தாண்டிப் போய்த் திரும்பி வரச் சொல்கிறோம். ‘கோ’ என்றால் இன்னும் மோசம், எழுத்தின் இரண்டு பக்கமும் குறி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓ. துணைக்காலை ர என்று எடுத்துக்கொண்டால் “கெரண்டு” வரும். (தட்டச்சு செய்கிற பெரியவர்களே துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர அடித்துவைத்திருப்பதைப் பார்க்கலாம், பிள்ளையைச் சொல்லி என்ன பயன்.)

உறுதிப்படுத்த அர்த்தமில்லாத சொற்களைக் கொடுங்கள்: தெபு, கோமை, பொசீ, லேணு, நைடோ. “இது வேத்துக் கிரகத்துப் பேரு, வாசி பாப்போம்” என்றால் சிரித்துக்கொண்டே செய்யும். உண்மையான சொல்லாக இருந்தால் பாதியைப் பார்த்து மீதியை ஊகித்துவிடும், இதில் ஊகிக்க வழியில்லை. எந்தக் குறியில் தடுமாறுகிறது என்று பத்துச் சொல்லில் தெரிந்துவிடும்.

திருத்தும்போது பன்னிரண்டையும் “க கா கி கீ” என்று ராகமாக ஓட்டச் சொல்லாதீர்கள். அந்த ராகத்தில் ஓடினால் எல்லாப் பிள்ளையும் சரியாகச் சொல்லும், நடுவிலிருந்து ‘கெ’யைத் தனியாக எடுத்துக் காட்டினால் மறுபடியும் ‘க’விலிருந்து ஆரம்பிக்கும். ஒரே குறியைப் பல எழுத்தில் காட்டுங்கள்: கே, தே, மே, வே, பே. கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே நிறத்தில் எழுதி, அடுத்த எழுத்தை வேறு நிறத்தில் எழுதினால் இரண்டும் ஒரே துண்டு என்று கண்ணுக்குப் பழகும். துணைக்காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கிற சாய்கோடு, அதை விரலால் தடவிக் காட்டுங்கள்.

உகர வரிசையும் தனித்தொல்லை. கு, சு, து, டு, ரு ஒவ்வொன்றும் ஒரு உருவம். தூ, நூ இரண்டிலும் பக்கத்தில் துணைக்கால் மாதிரி ஒன்று நிற்கும், அதனால்தான் ‘தூங்கி’ என்பதைச் சில பிள்ளைகள் “துரங்கி” என்று வாசிக்கும். விதி சொல்லிப் புரியவைக்க முடியாத இடம் இது, ஒவ்வொன்றாகப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஔகாரக் குறியில் ள மாதிரி இருப்பதைப் பார்த்து ‘கௌ’வைக் “கெள” என்று வாசித்தால் கவலைப்படவே வேண்டாம், அது வருகிற சொற்கள் குறைவு.

தாத்தா வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த பழைய கதைப்புத்தகத்தைக் கொடுத்தால் ணை, லை, னை, றா எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது மாறிய எழுத்துகள் அவை. அதில் தடுமாறினால் பிள்ளைமேல் குறையில்லை.

குறில் நெடில் மாறிப்போகிறது

குடை “கூடை” ஆகிறது, பாடம் “படம்” ஆகிறது. இது காதா கண்ணா என்று பிரித்துப் பாருங்கள். தாள் இல்லாமல் “கல், கால், ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?” விடு–வீடு, எடு–ஏடு, கொடு–கோடு, நடுநடுவே கல்–கல் என்று ஒரே சொல்லையும் போடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் “வேற” என்று சொல்லித் தப்பித்துவிடும். காதில் சரியாகப் பிரிக்கிறது என்றால் குறியைக் கவனிக்கும் பழக்கம்தான் போதவில்லை, ஜோடிச் சொற்களை எழுதிப் படத்தோடு பொருத்த வைத்தால் சரியாகும். காதிலேயே தடுமாறுகிறது, கூடவே அடிக்கடி சளி, காதுவலி, சீழ் வடிகிற பிள்ளை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ழ வராது, ண-ன பிரியாது

“மளை”, “பளம்” என்று வாசிக்கிறதா? ஒரு நிமிடம் பொறுங்கள். வீட்டில் அம்மா எப்படிச் சொல்கிறார்? தென்மாவட்டங்களில் பல வீடுகளில் மழை ‘மளை’தான், சென்னையில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிற தெருக்கள் இருக்கின்றன, ர-வையும் ற-வையும் பெரும்பாலான ஊர்களில் யாரும் பேச்சில் பிரிப்பதில்லை. பிள்ளை எழுத்தைச் சரியாகப் பார்த்து, தன் வாய்க்குத் தெரிந்த ஒலியில் சொல்கிறது. ழ, ள, ல மூன்றையும் எழுதி “மழைக்கு வர்ற எழுத்து எது?” என்று கேட்டால் சரியாகத் தொடும். தொட்டால் தப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஓரத்தில் ‘உச்சரிப்பு’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

தொடத் தெரியவில்லை, ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் எழுத்தில் ஒன்றாகவே தெரிகிறது என்றால் அது வாசிப்புச் சிக்கல். அப்போதுகூட ழகரத்துக்கு நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று வாசிப்பு நேரத்தில் பாடம் எடுக்காதீர்கள். நாக்குப் பயிற்சிக்கு வேறு நேரம் இருக்கிறது, இப்போது ஒவ்வொரு ழ-வுக்கும் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

புள்ளி கண்ணில் படுவதில்லை

‘பக்கத்தில்’ என்பது “பககத்தில்”, ‘குட்டி’ என்பது “குடடி”. அல்லது இதற்கு நேர்மாறாக, ‘படம்’ என்பது “பட்டம்”. தமிழில் ஒரே ட, தனியாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் அழுத்தி ஒலிக்கும், ண்-க்குப் பின் வந்தால் இன்னொரு மாதிரி. தமிழ் பேசுகிற பிள்ளைக்குச் சொல் என்னவென்று பிடிபட்டுவிட்டால் ஒலி தானாக வந்துவிடும், பிடிபடாதவரை எழுத்தெழுத்தாகத் தட்டையாகத்தான் வரும். அதனால் இது பெரும்பாலும் தனி நோய் கிடையாது, சேர்க்கத் தெரியாததன் வால். படம்–பட்டம், பாடு–பாட்டு, குடி–குட்டி, மடி–மட்டி என்று ஜோடியாக வாசிக்கவிட்டுக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். மங்கலான நகல் தாளில் புள்ளியே விழாமல் போயிருக்கும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

“எழுதியிருக்கிறதை விட்டுட்டு இவனே ஒண்ணு சொல்றான்”

இங்கேதான் நல்ல வாசகனைத் தப்பாக நினைத்துவிடுகிறோம். ‘வரவில்லை’ என்று இருக்க “வரல” என்றும், ‘இருந்தது’ என்று இருக்க “இருந்துச்சு” என்றும் வாசிக்கிற பிள்ளை, எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் போட்டுச் சொல்கிறது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கிற மொழியில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் குட்மன் 1960-களிலேயே வற்புறுத்திய விஷயம் இதுதான்: வாசிப்பில் வருகிற விலகல் எல்லாம் ஒரே தரம் கிடையாது, சில விலகல்கள் பிள்ளை புரிந்து வாசிப்பதற்குச் சாட்சி. தப்பு என்று போடாதீர்கள். “நீ சொன்னது சரி, புத்தகத்துல எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாத்துச் சொல்லு” என்றால் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிடும்.

‘கருப்பு’ என்று இருக்க “கரடி” என்று சொன்னால் அது வேறு ரகம். முதல் எழுத்தைப் பார்த்தவுடன் மீதி ஊகம், வாக்கியத்தில் பொருந்துகிறதா என்ற கவலையும் கிடையாது. “அவசரப்படாதே” என்று சொல்லிப் பலனில்லை. பெரும்பாலும் சொல்லின் நடுப்பகுதியை உடைத்து வாசிக்கத் தெரியாததால்தான் ஊகத்துக்குப் போகிறது, ஆகவே முன்னே சொன்ன அர்த்தமில்லாத சொல் சோதனையை வைத்து எங்கே உடைகிறது என்று பாருங்கள். படம் நிறைந்த புத்தகத்தில் மட்டும் நன்றாக வாசித்து இந்த வெற்றுப் பத்தியில் தடுமாறினால், படத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறது.

நீளச் சொல்லில் மூச்சு முட்டுகிறது

‘தூங்கிக்கொண்டிருந்தது’ வந்ததும் நின்றுவிடுகிறது, அல்லது “தூங்கி...து” என்று நடுவை விழுங்கிவிடுகிறது. மற்ற சொல்லெல்லாம் சரியென்றால் இது நோயே இல்லை, அடுத்த படி. பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள்: தூங்கிக் / கொண்டு / இருந்தது. அப்புறம் அதே வாலை வேறு தலையில் ஒட்டுங்கள்: ஓடிக்கொண்டிருந்தது, பாடிக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தது. ‘கொண்டிருந்தது’ ஒரே பார்வையில் பிடிபட ஆரம்பித்ததும் வாசிப்பு வேகம் நன்றாகவே ஏறும்.

வரி தாண்டுகிறது, தலையைச் சாய்க்கிறது, கண்ணைத் தேய்க்கிறது

ஒரு அட்டையை வரிக்கு அடியில் வைத்துக்கொடுத்துப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். சட்டென்று நன்றாக வாசித்தால் முதலில் கண் பரிசோதனை. பள்ளியில் தூரத்தில் மாட்டிய அட்டையைச் சரியாகச் சொல்லியிருந்தாலும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிற சிரமம் அதில் தப்பிவிடலாம் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

“வாயால ஓடுது, மனசுல ஏறல”

துல்லியம் 98, வேகமும் பிரமாதம். “ஆடு ஏன் திண்ணையில போய்ப் படுத்திருந்துச்சு?” என்றால் பதில் இல்லை. ‘குமார் எதை எடுத்துக்கொண்டு போனான்?’ என்பது மாதிரிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், அது பத்தியில் அப்படியே இருப்பதால். மழைக்கு ஒதுங்கியது என்று எங்கும் எழுதவில்லை, பிள்ளைதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு. இதே அளவு கஷ்டமுள்ள வேறொரு பத்தியை *நீங்கள்* வாசித்துக்காட்டி அதே மாதிரிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டால் பதில் சொல்கிறது என்றால் பொருள் புரிகிற பிள்ளைதான், எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுக்கச் செலவாகிறது, அல்லது வேகமாக வாசித்தால்தான் பாராட்டு என்று யாரோ பழக்கிவிட்டார்கள். அதே பத்தியை இரண்டு மூன்று முறை வாசிக்கவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி “அப்புறம் என்ன ஆகும்னு நினைக்கிற?” என்று கேட்டாலே மாறும். காதால் கேட்டும் புரியவில்லையென்றால் சொல்வளம்தான் போதவில்லை, வாசிப்புப் பயிற்சியைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை, கதை சொல்லுங்கள், பேசுங்கள். 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புரிந்து வாசிப்பதை எழுத்தைப் பிரித்தறியும் திறன், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இரண்டின் பெருக்கல் என்று சொன்னார்கள். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான்.

வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசுகிற பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இந்தப் பிரிவில் நிறைய இருப்பார்கள். எழுத்து சீக்கிரம் வந்துவிடும், ‘திண்ணை’ என்றால் என்னவென்று தெரியாது. இன்று அடுக்குமாடியில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைக்கும் அது தெரியாது என்பது வேறு விஷயம்.

சத்தமே வரவில்லை

மெதுவாக முணுமுணுக்கிறது, அழுகிறது, அல்லது திக்குகிறது. வாய்விட்டு வாசிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். மனதுக்குள் வாசிக்கவிட்டு, “குமார் எடுத்துக்கிட்டது எது?” என்று நான்கு படங்களைக் காட்டித் தொடச் சொல்லுங்கள். சரியாகத் தொட்டால் வாசிப்பு இருக்கிறது, குரல்தான் வரவில்லை. திக்குகிற பிள்ளைக்கு நிமிடக் கணக்கு எடுக்கவே கூடாது, அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

பள்ளி சொல்கிற நிலையும் உங்கள் தாளும்

தமிழ்நாட்டில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். 2005-லிருந்து பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்து நடத்துகிற ஏசர் கணக்கெடுப்பில் முதலில் பத்தியைக் கொடுத்து, வந்தால் கதைக்கு ஏற்றி, வராவிட்டால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறக்குவார்கள், சொல்லிலும் எழுத்திலும் ஐந்தில் நான்கு சரியென்றால் அந்தப் படி தேறியது. இரண்டும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்வதற்கு நல்லவை. ஏன் அங்கேயே நிற்கிறது என்பதற்கு உங்கள் கையில் இருக்கிற குறித்த தாள்தான் வேண்டும், அதை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். “சரியாச் சொல்லிக்கொடுக்க மாட்டேங்கறீங்க” என்று ஆரம்பிக்காமல் “மேடம், கொம்பு எழுத்துல மட்டும்தான் நிக்கிறான், பாருங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

எல்லாம் செய்தும் நகரவில்லையென்றால்

ஒழுங்காக, இடைவிடாமல், தினம் கொஞ்ச நேரம் என்று சில மாதம் சொல்லிக்கொடுத்தும் தெரிந்த எழுத்தே நேற்று வந்தது இன்று வரவில்லை, வாயால் ஒலிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் வரவில்லை, எழுதினாலும் அதே தடுமாற்றம், ஆனால் பேச்சில் கெட்டி, கணக்கைக் காதால் கேட்டால் டக்கென்று சொல்கிறது, வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்ன வயதில் இதே கதை. இந்தக் கூட்டணி இருந்தால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்குகிற கற்றல் குறைபாடு, இருக்குமா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும். எழுத்தைத் திருப்பி எழுதுவது ஒன்றை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள், படிக்கத் தொடங்குகிற பல பிள்ளைகள் அதைச் செய்யும். நீங்களோ டீச்சரோ பெயர் சூட்டுகிற வேலையும் வேண்டாம்.

கண்ணும் காதும் பார்த்து முடித்துவிட்டு, குழந்தை மனநல மருத்துவர் அல்லது கற்றல் குறைபாட்டை மதிப்பிடப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் போங்கள். சென்னையில் இருந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்தத் துறையில் வெகுகாலமாக வேலை செய்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் (டிஸ்லெக்சியா இதில் அடங்கும்) சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்று இருந்தால் மாநில வாரியப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். மதிப்பிடுகிறவர் தமிழில் சோதிக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலச் சொற்பட்டியலை மட்டும் வைத்துத் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையை எடைபோட முடியாது. போகும்போது குறித்த தாள்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு, ஒலிப்பதிவில் ஒன்று பழையது ஒன்று புதியது, பள்ளி நோட்டு ஒன்று, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.